நாலு பூட்டுச் சங்கிலி

சித்திரை வெயிலில் ஓய்வெடுப்பதற்காகக் கோவில்பட்டிப் பக்கம் வருகிறவர்கள் யார் யார் என்று விசாரித்தால், எங்கள் குடும்பத்தைத் தவிர இன்னொரு குடும்பம் அகப்படாது. வசதியுள்ளவர்கள் இங்கிருந்து கொடைக்கானலுக்குப் போவார்கள். வசதி குறைந்தவர்கள் குற்றாலத்தில் சாரல் விழட்டும் என்று காத்திருப்பார்கள். எங்கள் ஓய்வு மாளிகை கழுகுமலை போகிற சாலையில் இறங்கி, ஒற்றையடிப் பாதையில் பத்து நிமிடம் நடந்தால், கரிசல் காட்டுக்கு நடுவே வெள்ளையாக நிற்கிறது. இரண்டு அறை, ஒரு கூடம், சமையலறை, ஒரு கிணறு, ஆறு தென்னை. ஆறில் ஒன்று காய்க்கும்.

அப்பா அதை வாங்கியபோது நாங்கள் யாரும் தடுக்கவில்லை. கேட்டிருந்தால்தானே தடுப்பதற்கு. ஞாயிற்றுக்கிழமை கடையை அடைத்துவிட்டு அங்கே போய்ப் படுத்துக்கொள்வார். சுற்றிலும் பருத்தி, உளுந்து, மக்காச்சோளம். கோடையில் தரை வெடித்து, கவனிக்காமல் நடந்தால் செருப்பு மட்டும் கீழே போய்விடும். வீடும் தரையோடு ஒத்துழைக்கிற வீடுதான். சமையலறைச் சுவரில் ஒரு விரிசல் இருக்கிறது. பங்குனியில் அதற்குள் தபால் அட்டை போடலாம். ஐப்பசி மழை விழுந்ததும் தானே மூடிக்கொள்ளும். கொத்தனார் ஒருவர் பார்த்துவிட்டு, "இது வீடு மூச்சு விடுது அண்ணாச்சி, அடைக்கப்படாது" என்று சொல்லிவிட்டுப் போனார். வேலை செய்யாமல் தப்பிக்க இவ்வளவு அழகான காரணம் சொன்னவரை நான் அதற்குப் பிறகு பார்க்கவில்லை.

அப்பாவுக்குப் பின் அது மூன்று பேருக்கு வந்தது. மூத்தவள் அக்கா. புதியம்புத்தூரில், வீட்டுக்குக் கீழேயே தையல் கூடம் நடத்துகிற குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டவள். அடுத்தவன் அண்ணன், வங்கி அதிகாரியாக இருந்து ஓய்வுபெற்றுச் சென்னையில் இருக்கிறான். கடைசி நான். கோவில்பட்டி பஜாரில் அப்பாவின் ஹார்டுவேர் கடையை நடத்துகிறேன், அல்லது அது என்னை நடத்துகிறது. பக்கத்தில் இருக்கிறேன் என்ற ஒரே தகுதியால் அந்த வீட்டுக்கு நான் பொறுப்பாளர். பொறுப்பாளர் என்றால் தண்ணீர்த் தொட்டியில் விழுந்த ஓணானை எடுத்துப் போடுகிறவர்.

வங்கியில் முப்பத்தைந்து வருடம் சுற்றறிக்கை வாசித்தவனுக்கு ஓய்வுபெற்றபின் ஒன்றாவது எழுதிப் பார்க்க வேண்டும் என்று இருக்குமல்லவா? அண்ணன் பதினேழு விதிகள் தயாரித்து, லேமினேட் செய்து, சமையலறையில் மாட்டினான். தலையணை உறையை அவரவர் கொண்டுவர வேண்டும். கிளம்பும்போது ஃப்ரிட்ஜைத் துடைத்துத் திறந்து வைக்க வேண்டும். ஊறுகாய் ஜாடியைக் காலி செய்கிறவர் நிரப்பிவிட்டுப் போக வேண்டும். இந்தக் கடைசி விதி வந்த நாள் முதல் ஜாடியின் அடியில் எப்போதும் ஒரு துண்டு மாங்காய் கிடக்கிறது. அதை எடுத்துத் தின்று பழியை ஏற்க எங்கள் குடும்பத்தில் ஆளில்லை.

முறையும் அவனே பிரித்தான். பொங்கல் வாரமும் மே மாதத்தில் பேரப்பிள்ளைகள் வருகிற இரண்டு வாரமும் அண்ணனுக்கு. பங்குனி உத்திரம் முடிந்ததும் பத்து நாள் அக்காவுக்கு. மற்ற நாளெல்லாம் எனக்கு. அதாவது வேறு யாருக்கும் வேண்டாத நாளெல்லாம்.

இதில் பூட்டு மட்டும் என்னுடைய ஏற்பாடு. ஆரம்பத்தில் கேட்டுக்கு ஒரே பூட்டும் மூன்று சாவிகளும் இருந்தன. அண்ணன் தன் சாவியைப் பேன்ட் பையில் வைத்துச் சலவைக்குப் போட்டான். அக்காவின் சாவி தையல் கூடத்தில் ஏதோ ஒரு துணிக் கட்டோடு போய்விட்டது. மிஞ்சிய ஒன்றை, கிணற்று மோட்டாரைப் பயன்படுத்திக்கொள்கிற பக்கத்துத் தோட்டக்காரர் வாங்கிப் போய் நகல் எடுத்தார். யாரிடம் எத்தனை சாவி இருக்கிறது என்று யாருக்கும் தெரியாமல் போயிற்று. அப்போதுதான், பூட்டு விற்கிறவன் என்ற கர்வத்தில், நான் ஒரு வழி சொன்னேன். கேட்டின் சங்கிலியை ஒரே பூட்டால் சேர்க்காமல், நாலு பூட்டுகளை ஒன்றுக்குள் ஒன்று கோத்து அவற்றால் சேர்ப்பது. அண்ணன் பூட்டு, அதில் என் பூட்டு, அதில் அக்கா பூட்டு, அதில் தோட்டக்காரர் பூட்டு. நாலில் எதைத் திறந்தாலும் சங்கிலி பிரிந்துவிடும். அவரவர் சாவி அவரவரிடம். யாரையும் கேட்க வேண்டாம், யாருக்கும் பதில் சொல்ல வேண்டாம்.

ஒரே ஒரு நிபந்தனை. திரும்பப் பூட்டும்போது இரண்டு பக்கத்துப் பூட்டுகளிலும் சரியாகக் கோக்க வேண்டும். ஒன்றைத் தவறவிட்டு அதற்கு அடுத்ததில் கோத்துவிட்டால், தவறிய பூட்டு கழுத்துப் பதக்கம் மாதிரி சும்மா தொங்கும். அதைத் திறக்கலாம். சங்கிலி பிரியாது. இதை எல்லோருக்கும் நான்தான் செய்து காட்டினேன். அண்ணனுக்கு வீடியோ அழைப்பில் இரண்டு தடவை.

போன வருடம் பங்குனியில், அக்காவின் முறைக்கு ஒரு வாரம் முன்னால், எங்கள் மூன்று பேருக்கான வாட்ஸப் குழுவில் அண்ணன் ஒரு செய்தி போட்டான். அதுவும் ஏறக்குறைய சுற்றறிக்கைதான். பட்டா இன்னும் அப்பா பெயரிலேயே இருக்கிறது, மாற்ற வேண்டும். ஒவ்வொன்றுக்கும் மூன்று பேர் கையெழுத்துக்கு அலைவதைவிட, அக்காவிடம் தன் பங்கை விட்டுக்கொடுப்பதாக ஒரு விடுதலைப் பத்திரம் வாங்கிக்கொண்டு, சகோதரர்கள் இருவர் பெயரில் வைத்துக்கொண்டால் நிர்வாகம் எளிதாகும். அக்கா எப்போதும்போல் வந்து தங்கிக்கொள்ளலாம், அதில் மாற்றமில்லை.

அக்கா அதைப் பார்த்தாள் என்பதற்கு இரண்டு நீலக் கோடு விழுந்தது. பதில் வரவில்லை. நான் ஒரு கும்பிடு போட்டேன்.

இந்தக் கும்பிடைப் பற்றிச் சொல்ல வேண்டும். காலை வணக்கத்துக்கும் அதைத்தான் போடுவேன், கல்யாணப் பத்திரிகைக்கும், மரண அறிவிப்புக்கும். செய்தியை முழுதாக வாசிக்காமல் மரியாதையோடு தப்பித்துக்கொள்ள அதைவிடத் தோதான கருவி கிடையாது. என் மனைவி மட்டும் அதைப் பார்த்துவிட்டுக் கேட்டாள்.

"இதுக்கு என்னத்துக்குக் கும்பிட்டிய?"

"சும்மா. பாத்துட்டேன்னு."

"பாத்துட்டேன்னா கண்ணுல்லா போடணும்?"

அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை வீட்டைத் தயார் செய்யப் போனேன். தயார் செய்வது என்பது அரை மணி நேரம் தூசி தட்டிவிட்டு மூன்று மணி நேரம் புத்தகம் படிப்பது. கையில் செங்கல் கனத்தில் ஒரு நாவல் இருந்தது. நானூறாம் பக்கத்தில் பனி கொட்டிக்கொண்டிருந்தது. வெளியே நூற்றி இரண்டு டிகிரியில் அதை வாசிக்கிற சுகம் அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும். சாயங்காலம் கிளம்பும்போது ஒரு கையில் புத்தகம், பக்கம் மறந்துவிடாமல் இருக்க நடுவில் விரல். மற்றக் கையால் பூட்டிவிட்டு வந்தேன்.

வியாழக்கிழமை பகல் பன்னிரண்டரைக்குக் கடையில் இருக்கும்போது அலைபேசி அழைப்பு வந்தது. பக்கத்துத் தோட்டக்காரர்.

"அண்ணாச்சி, கொஞ்சம் வந்துட்டுப் போங்க. அக்கா கேட்டுக்கு வெளிய உக்காந்திருக்காவ."

"ஏன், சாவி கொண்டாரலியா?"

"கொண்டாந்திருக்காவ. அவிய பூட்டும் திறக்குது. கேட்டுதான் திறக்கல."

"சரி, உங்க பூட்டத் திறந்து விடுங்களேன்" என்றேன்.

"சொல்லாம இருப்பனா? மூணு மட்டம் சொல்லிட்டேன். 'உம்ம வேலயப் பாரும்'னுட்டாவ. என் வேலன்னா உள்ள போயி மோட்டாரு போடணும். அவிய வெளிய உக்காந்திருக்கயில நான் மட்டும் திறந்துக்கிட்டு எப்பிடிப் போவேன்? உளுந்து வாடுது அண்ணாச்சி, சட்டுனு வாங்க."

பைக்கில் போகும்போது மனதுக்குள் ஞாயிற்றுக்கிழமையைத் திரும்ப ஓட்டிப் பார்த்தேன். விரல் இருந்த பக்கம் நினைவிருந்தது. பூட்டியது நினைவில்லை.

கேட்டுக்கு வெளியே முள் உடைமரம் ஒன்று உண்டு. அதன் நிழல் ஒரு ஆட்டுக்குக்கூடப் பற்றாது. அக்கா அங்கே தன் பையின் மேல், குடையை விரித்துப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மடியில் அவளுடைய பூட்டு, திறந்தபடி. கொஞ்சம் தள்ளித் தோட்டக்காரர் ஒரு செம்பு மோரோடு நின்றார். மோரைக் கொடுத்துவிட்டு வா என்று அவர் வீட்டுக்காரம்மா தெலுங்கில் கண்டித்து அனுப்பியிருப்பார் போல. அதைக் கொடுக்காமல் போகவும் முடியவில்லை, கொடுக்கவும் துணிச்சலில்லை.

"வாலே" என்றாள் அக்கா. "கடைய அடச்சிட்டு வந்தியா?"

"ஆளு இருக்குக்கா. நீ ஏன் வெயில்ல உக்காந்திருக்க?"

"வெளிய நிறுத்துனா வெயில்லதான உக்காரணும். ஃபேனு உள்ளல்லா இருக்கு."

சங்கிலியைப் பார்த்தேன். என் பூட்டு ஒரு பக்கம் அண்ணன் பூட்டையும் மறுபக்கம் தோட்டக்காரர் பூட்டையும் பிடித்திருந்தது. நடுவில் அக்காவின் பூட்டு இருந்திருக்க வேண்டிய இடம் இல்லை. இருபது வருடமாகப் பூட்டு விற்கிறேன்.

அந்த நேரத்தில் நான் செய்ததை எழுதத்தான் வேண்டும். "மோட்டார் போட வந்த அவசரத்துல அண்ணாச்சி மாத்திக் கோத்திருப்பாரு" என்றேன். அவர் ஐந்தடி தூரத்தில் செம்போடு நிற்கிறார். சங்கிலியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு மோரைப் பார்த்தார்.

அக்கா எழுந்து வந்தாள். "இந்தா பாரு. என் பூட்டு அவிய பூட்டுலதான் தொங்குச்சு. அவிய மாத்திக் கோத்திருந்தா உன் பூட்டுலல்லா தொங்கும்? இப்பிடிக் கோக்கணும்னா உன் பூட்டத் திறக்கணும். அவிய கையில உன் சாவி ஏதுலே?"

எங்கள் வீட்டில் கணக்குக்கு முதல் மதிப்பெண் வாங்கியவள் அவள்தான்.

"நாந்தான்க்கா" என்றேன். "ஞாயித்துக்கெழம. புஸ்தகத்த ஒரு கையில வச்சிக்கிட்டுப் பூட்டுனேன். பாக்கல." தோட்டக்காரர் பக்கம் திரும்பி, "மன்னிச்சிக்கிடுங்க அண்ணாச்சி" என்றேன்.

"அதுக்கென்ன" என்றார் அவர். "என்னையச் சொன்னா யாரும் கேக்க மாட்டாவன்னு சொல்லிருப்பிய." மோரை என்னிடம் கொடுத்துவிட்டு, மரத்தடிக்கு நகர்ந்து நின்றுகொண்டார்.

அக்கா கேட்டாள்: "புஸ்தகம் பாத்துப் பூட்டுனியா, அண்ணன் போட்டதப் பாத்துப் பூட்டுனியா?"

"சத்தியமா புஸ்தகம்தான்க்கா."

"அப்ப அந்தக் கும்பிடுக்கு என்ன அர்த்தம்?"

"பாத்துட்டேன்னு அர்த்தம்."

"நான் செத்தாலும் அதத்தான் போடுவ."

போட்டிருப்பேன்.

அக்கா குடையை மடக்கினாள். குரலை உயர்த்தவில்லை. அவள் கோபப்பட்டால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"கேளு. புதியம்புத்தூர்ல கீழ முப்பது மிசின் ஓடுது. காலைல எட்டு மணிக்குப் போட்டா ராத்திரி பத்து. பேசணும்னாக் கத்திப் பேசணும். மகன் அமெரிக்காவுல இருந்து பேசுனா, மாடிக்குப் போயி தண்ணித் தொட்டிக்குப் பின்னால நின்னு கேப்பேன். உங்க அத்தான் நல்ல மனுசன்தான், அவியளும் அதுக்குள்ளதான கெடக்காவ. வருசத்துல பத்து நாளு நான் இங்கன வந்து படுத்துத் தூங்கிட்டுப் போறேன். சமைக்கக்கூட மாட்டேன். பக்கத்துல கம்பங்கூழு குடுத்தாக் குடிப்பேன். இந்தப் பத்து நாளுதான் எனக்கு."

"அண்ணன் வர வேண்டாம்னு சொல்லலியேக்கா. எப்பவும்போல..."

"அதத்தாம்லே சொல்லுதேன். நீங்க வேண்டாம்னா சொல்லப் போறிய? கேட்டாத் தருவிய. அண்ணன் வாரானா, அவன் மருமகளுக்குத் தோதா, தம்பி வெள்ளையடிக்கப் போறானான்னு உங்க ரெண்டு பேத்தயும் கேட்டுத்தான் வரணும். கேட்டு வாரதுக்கு எனக்கு எத்தனையோ வீடு இருக்கு. திறந்து வாரதுக்கு இது ஒண்ணுதான் இருக்கு. இன்னைக்கு ரெண்டு பஸ்ஸு மாறி வந்து சாவியப் போட்டேன். பூட்டு திறந்துட்டு. கேட்டு திறக்கல. உங்க ரெண்டு பேரு பதிலும் வந்துட்டுன்னு நெனச்சேன்."

நான் என் சாவியை எடுத்து, என் பூட்டைத் திறந்தேன். சங்கிலி பிரிந்தது. கேட்டைத் தள்ளித் திறந்து, உள்ளே வா என்று கையைக் காட்டினேன்.

"சாத்து" என்றாள்.

"என்னதுக்கா?"

"சாத்திப் பூட்டு. என் பூட்டயும் கோத்து ஒழுங்காப் பூட்டு. பெறவு நான் திறக்கேன்."

பகல் ஒரு மணி. சங்கிலி அடுப்பிலிருந்து எடுத்ததுபோல் இருந்தது. ஒரு பூட்டுக்குள் அடுத்த பூட்டாக, அண்ணன், நான், அக்கா, தோட்டக்காரர் என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே கோத்தேன். தோட்டக்காரர் கிட்டே வந்து எட்டிப் பார்த்துச் சரிபார்த்தார். அவருக்கு இப்போது அந்த உரிமை இருந்தது. அக்கா தன் சாவியைப் போட்டுத் திருகினாள். சங்கிலி தரையில் விழுந்தது. பையைத் தூக்கிக்கொண்டு திரும்பிப் பார்க்காமல் உள்ளே போனாள். தோட்டக்காரர் அவள் பின்னாலேயே மோட்டாருக்கு ஓடினார்.

நான் கிளம்பலாமா என்று யோசிப்பதற்குள் உள்ளேயிருந்து சத்தம் வந்தது. "அண்ணனுக்குப் போனப் போடு."

கூடத்தில் ஃபேனுக்குக் கீழே, அலைபேசியைத் தரையில் ஸ்பீக்கரில் வைத்துவிட்டு இரண்டு பேரும் உட்கார்ந்தோம். "நீ பேசு" என்றாள். "நான் பேசுனா, அக்கா கோவத்துல இருக்கான்னு போயிரும்."

அண்ணன் எடுத்தான். தண்ணீர்த் தொட்டி நிலவரம் கேட்டான். சொன்னேன். பிறகு, "அண்ணே, அந்த விடுதலைப் பத்திரம் வேண்டாம்" என்றேன்.

"ஏன், அக்கா ஏதும் சொன்னாளா?"

அக்கா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா சொன்னது கெடக்கட்டும். நான் சொல்லுதேன்."

வாழ்க்கையில் அண்ணனிடம் நான் வேண்டாம் என்று சொன்னது, சின்ன வயதில் அவன் ஊற்றிய விளக்கெண்ணெய்க்குப் பிறகு இதுதான் என்று நினைக்கிறேன்.

"நீதான கும்பிடு போட்டிருந்த?"

"அது சம்மதம் இல்லண்ணே."

"பெறவு?"

"பழக்கம்."

"என்னலே பேசுத? நிர்வாகத்துக்காகச் சொன்னேன். நாளைக்கு நம்ம மூணு பேருல ஒருத்தருக்கு ஒண்ணு ஆச்சுன்னா, பிள்ளைய கையெழுத்துக்கு எங்கெங்க அலையும்? அக்காவ நான் வேண்டாம்னா சொன்னேன்?"

அக்கா போனை நோக்கிக் குனிந்தாள். "வேண்டாம்னு சொல்லல தம்பி. கேட்டு வான்னு சொன்ன."

"அக்கா... நீ அங்கனதான் இருக்கியா?"

"என் வீட்ல நான் இல்லாம?"

அண்ணன் கெட்டவன் இல்லை. அவன் நிர்வாகி. நிர்வாகிக்கு மூன்று கையெழுத்து என்றால் தலைவலி வரும். அதற்கு அவனுக்குத் தெரிந்த மருந்து ஒரு கையெழுத்தைக் குறைப்பது. அக்காவுக்கு அது என்னவாகப் படும் என்று அவன் யோசிக்கவில்லை. நானோ யோசித்தும் கும்பிட்டுவிட்டுப் போய்விட்டேன். எது மோசம் என்று எனக்குத் தெரியும்.

"அப்ப கூட்டுப் பட்டா போட்டுருவோம்" என்றான் கடைசியில். "மூணு பேரு பேருலயும். ஆனா அலைச்சலுக்கு என்னையச் சொல்லப்படாது."

"நீ ஆதாரு நகல மட்டும் அனுப்பு" என்றாள் அக்கா. "அலைய நாங்க இருக்கோம்."

அதை அனுப்ப அவன் ஒரு வாரம் எடுத்துக்கொண்டான். தினமும் காலையில் அக்கா குழுவில் 'ஆதார்' என்று ஒரே ஒரு சொல் போடுவாள். மற்றபடி தூங்கினாள். நான் இரண்டு தடவை போய்ப் பார்த்தேன். இரண்டு தடவையும் தூங்கிக்கொண்டிருந்தாள். எட்டாம் நாள் அண்ணனின் ஆதார் வந்தது. படத்தில் ஓரமாக அவன் கட்டைவிரலும் விழுந்திருந்தது. மனப்பூர்வமான சம்மதம் என்று எடுத்துக்கொண்டோம்.

ஒன்பதாம் நாள் அக்காவைப் பைக்கில் ஏற்றிக்கொண்டு கோவில்பட்டிக்கு வந்து, இ-சேவை மையத்தில் வரிசையில் உட்கார்ந்தோம். கணினிக்கு முன்னால் ஒரு பெண், முப்பது வயது இருக்கும். வாரிசுச் சான்றைப் பார்த்தாள், மூன்று ஆதாரையும் பார்த்தாள், அக்காவை நிமிர்ந்து பார்த்தாள்.

"அம்மா பேரும் சேர்த்துத்தானா சார்? விடுதலை ஏதும் எழுதலியா?"

அவள் கேட்டது என்னிடம். அக்காவும் என் பக்கம்தான் திரும்பினாள். உதவிக்கு வருகிற மாதிரித் தெரியவில்லை.

"எழுதல" என்றேன். "எழுதவும் மாட்டாவ. மூணு பேரும்தான்."

"சரி சார். வயசு வரிசைப்படி போட்டுரவா?"

"போடுங்க. அக்காதான் மூத்தவிய."

தட்டினாள். தட்டிக்கொண்டே, எல்லோரிடமும் கேட்கிற கேள்வி போலிருக்கிறது, "பங்காளிகளுக்குள்ள தகராறு ஒண்ணும் இல்லியே?" என்றாள்.

நான் வாயைத் திறப்பதற்குள் அக்கா நாற்காலியை முன்னே இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"உண்டும்மா" என்றாள். "நீ பேர அடி."